கென் சரோ-விவா

கென் சரோ-விவா (அக்டோபர் 10, 1941 - நவம்பர் 10, 1995) நைஜீரிய எழுத்தாளரும் சூழலியல் செயற்பாட்டாளரும் ஆவார். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் ஒகோனி என்னும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர். இவர் உருவாக்கிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் நைஜீரியாவில் பெரும் புகழ் பெற்றது.

ஒகோனி நிலத்தில் 1958 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஷெல் நிறுவனம் எடுத்த எண்ணெயின் வருவாய் வெளியே சென்றது. கசிவும் புகையும் வயல்களிலும் ஓடைகளிலும் தங்கின. இதனை எதிர்த்துச் சரோ-விவா அறவழியில் மக்களைத் திரட்டினார். 1993 சனவரியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஊர்வலம் சென்றனர். அவ்வினத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 5 லட்சம் தான் என்பது நோக்கத்தக்கது.

மரணதண்டனை

1994 மே மாதம் ஒகோனித் தலைவர்கள் நால்வர் கும்பல் ஒன்றால் கொல்லப்பட்டனர். அன்று ஒகோனிப் பகுதிக்குள் நுழையவிடாமல் படையினரால் திருப்பி அனுப்பப்பட்ட சரோ-விவா மீதே, கொலையைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. சானி அபாச்சாவின் இராணுவ அரசு அமைத்த சிறப்புத் தீர்ப்பாயம், மேல்முறையீட்டுக்கு இடமின்றி, ஒன்பது பேருக்கு மரணதண்டனை விதித்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் இருவர் தாம் பொய் கூறக் கையூட்டுப் பெற்றதாக எழுதிக் கொடுத்தும் பயனில்லை. ஒன்பது பேரும் போர்ட் ஆர்கோர்ட் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பொதுநலவாய நாடுகள் அமைப்பு நைஜீரியாவை இடைநிறுத்தியது.

இறப்பின் பின்

2009 இல் ஷெல், பொறுப்பை ஏற்காமலேயே, 1 கோடியே 55 லட்சம் டாலர் வழங்கி உறவினர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது. 2025 சூனில் அதிபர் போலா டினுபு ஒன்பது பேருக்கும் மன்னிப்பும் தேசிய விருதும் அறிவித்தார். குற்றம் செய்தவருக்கே மன்னிப்புப் பொருந்தும் என்பதால், தீர்ப்பையே நீக்கி அவர்களை நிரபராதிகள் என அறிவிக்க வேண்டும் என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் கோரினர்.