பேர்சிவல் பாதிரியார்

நாவலர் பெருமானின் வரலாற்றைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஒரு வினா எழுவதை யான் பல்லாண்டுகளாகக் கண்டுவருகிறேன். சைவத்துக்கே தம் வாழ்நாளை ஈந்த பெரியார், கிறித்தவ வேதாகமத்தைத் தமிழிற் பெயர்ப்பதற்குத் துணைநின்றது எங்ஙனம் என்பதே அவ்வினா. அவருடைய ஒப்பற்ற புலமையே அதற்குக் காரணம் என்பர். அது பாதி விடையேயாகும். மற்றைப் பாதியை, அப்புலமையை நாடிய ஓர் ஆங்கிலேயரின் உள்ளத்திலே தேடுதல் வேண்டும்.

பீற்றர் பேர்சிவல் 1803ஆம் ஆண்டு பிறந்தவர். வெசிலியன் மிஷனின் போதகராய் 1826இல் இலங்கைக்கு வந்தார். அம்மிஷனார் 1816இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய ஆங்கில பாடசாலை பின்னர் அவர் பொறுப்பிலாயிற்று. 1834இல் மத்திய பாடசாலை எனப் பெயர்பெற்ற அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாம்.

சமயம் போதிக்க வந்தவர், முதலில் மாணாக்கராய் அமர்ந்து தமிழ் கற்றார். இலக்கியத் தமிழோடு அமையாது, ஊரார் நாவில் வழங்கும் பழமொழிகளையும் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். அத்தொகுப்பு வளர்ந்து, 1874இல் சென்னையில் வெளிவந்த பதிப்பிலே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டு நின்றது. ஒரு மக்களைத் திருத்த வந்ததாக எண்ணுவோன் அவர்தம் பிழைகளைத் திரட்டுவான். இவரோ அவர்தம் அறிவைத் திரட்டினார்.

அப்பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, பின் அங்கேயே ஆசிரியராயினார் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. நாவலர் என்னும் பட்டம் அவருக்கு 1849இலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தாற் கிடைத்தது. வேதாகமத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணிக்குப் பேர்சிவல் தேர்ந்த துணைவர் அவரே. கிறித்தவராதல் வேண்டும் என்னும் நிபந்தனை அங்கு இல்லை. ஆறுமுகம்பிள்ளையும் தம் சைவ ஆசாரத்திற் சிறிதும் தளர்ந்தாரல்லர். தம் சமயத்துக்கு உயிரான நூலை, அச்சமயத்தை ஏற்காத ஓர் இளைஞரின் கையில் ஒப்படைத்தல் எத்துணை நம்பிக்கை வேண்டும் செயல்! மொழிபெயர்ப்பு முடிந்தபின் இருவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே மகாலிங்கையர் அதனை நோக்கி நன்றெனக் கூறினார் என்பது நாவலர் சரித்திரம். அந்நூல் 1850இல் அச்சாயிற்று.

இருவரும் எல்லாவற்றிலும் ஒத்தவரல்லர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் மிஷன் பாடசாலையிற் சேர்க்கப்பட்டபோது, உயர்ந்தோர் எனப்பட்டோரின் பிள்ளைகள் பலர் விலகினர். நாவலரோ சாதியாசாரத்தைக் கைவிடாதவர். இவ்விடயத்தில் நியாயம் எப்பக்கம் நின்றது என்பதை இன்று யான் விளக்கவேண்டியதில்லை. நாவலர் மரபிலே தமிழ் கற்ற யான், இதனை மறையாது கூறுதல் கடன் எனக் கருதுகிறேன்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் ஆறுமுகம்பிள்ளை சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பகலிலே மிஷன் ஆசிரியர். கோயிலிலே மிஷனுக்கு மாறான பிரசங்கியார். இதனை அறிந்தும் பேர்சிவல் அவரை விலக்கினாரல்லர். 1848இல் ஆறுமுகம்பிள்ளை தாமே விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். செல்லாதிருக்குமாறு பேர்சிவல் வேண்டினார் என்றும், வேதனத்தை உயர்த்தித் தருவதாகச் சொன்னார் என்றும் மரபுவழிச் செய்தி உண்டு.

1854ஆம் ஆண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டிலே நாவலர், கிறித்தவரின் கண்டனங்களை மறுத்துச் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பேர்சிவல் இங்கிலாந்தில், இந்தியாவைப்பற்றித் தாம் நிகழ்த்திய விரிவுரைகளை நூலாக்கினார். அந்நூலில் இந்து சமயத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழின் சொற்சுருக்கத்தையும் ஆற்றலையும் வியந்து பாராட்டினார். இருவரும் தத்தம் கொள்கையில் ஓரங்குலமும் பின்வாங்கினாரல்லர்.

பின்னர் வெசிலியன் சபையை விட்டு ஆங்கிலிக்க சபையைச் சேர்ந்த பேர்சிவல், சென்னை மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராயினார். 'தினவர்த்தமானி' என்னும் இதழை நடத்தினார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை அழைத்து, அவ்விதழுக்கு ஆசிரியராக்கினார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற அவ்வறிஞர் தமிழகம் புகுந்த வழி இதுவாம். அவரும் பிற்காலத்திற் சைவரே.

தமக்காக உழைத்த அறிஞர் தம் சமயத்தில் நில்லாமை பேர்சிவலுக்குத் தோல்வியன்றோ எனச் சிலர் கேட்பர். போதகர் என்ற முறையிலே அவர் அதனை விரும்பியிருக்கமாட்டார். ஆயின் பிறனை நேசித்தல் என்பது கிறித்தவ நெறியின் முதற் கட்டளைகளுள் ஒன்று. பிறன் நம் வழிக்கு வந்தபின் நேசித்தல் அதனாற் கருதப்பட்டதன்று. வாராத பிறனையும் அவன் நிற்கும் இடத்திலேயே மதித்தலே அதன் பொருள். அப்பொருளைப் பேர்சிவல் தம் மேசையருகே ஒரு சைவரை அமர்த்திக் காட்டினார்.

அம்மொழிபெயர்ப்பு நெடுநாள் வழக்கில் நிலைக்கவில்லை. 1871இல் வெளிவந்த வேறொரு மொழிபெயர்ப்பு அதன் இடத்தைப் பெற்றது. நாவலர் 1879இலும், பேர்சிவல் 1882இல் ஏர்க்காட்டிலும் மறைந்தனர். ஒருவர் கொள்கையை மறுக்கும்போது அவரையே பகைத்தல் நம் புலவருலகில் அரிதன்று. என் மாணவரிடையேயும் அதனைக் காண்கிறேன். அவர்கள் நாவலரின் கண்டனங்களைப் படிக்கட்டும்; அக்கண்டனம் எழுதியவரைத் தம்மிடத்தினின்று துரத்தாத பாதிரியாரையும் உடன் நினைக்கட்டும்.