ஓவிய மேதை ரெம்பிராண்ட்

ஓவியம் கண்ணுக்குரிய கலை. ஆயினும், பட்டின் வழவழப்பையும், கம்பளியின் சொரசொரப்பையும், முதியோர் முகத்துச் சுருக்கங்களையும் கையால் தொட்டாற்போலக் காண்போர் உணரச் செய்வது சிறந்த ஓவியத்தின் இயல்பாகும். தொட்டறியும் உணர்வைத் தமிழ் நூலோர் 'ஊறு' என்பர். அவ்வுணர்வை வண்ணத்தால் உண்டாக்குவதில் ஒப்பற்று விளங்கியவர் ரெம்பிராண்ட்.

இவர் ஹாலந்து நாட்டு லைடன் நகரில், 1606ஆம் ஆண்டு, மாவரைக்கும் ஆலை நடத்திய ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இவரைப் பல்கலைக் கழகத்தில் சேர்த்தனர். இவர் உள்ளமோ ஓவியத்தையே நாடியது. தக்க ஆசிரியர்களிடம் பயின்றபின் ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். 1632இல், மருத்துவர் ஒருவர் உடற்கூறு விளக்கும் காட்சியைத் தீட்டிப் பெரும்புகழ் எய்தினார். செல்வர் பலர் தம் உருவங்களை எழுதித் தருமாறு இவரை நாடினர்.

இவருடைய தொடக்ககால ஓவியங்கள் பெரும்பாலும் வழவழப்பானவை. நாளடைவில் இவர் முறை மாறிற்று. நிழல் விழும் இடங்களில் வண்ணத்தை மெல்லியதாகப் பூசினார். ஒளி விழும் இடங்களிலோ, ஈயத்தினின்று செய்த வெண்ணிறப் பொடியை எண்ணெயிற் குழைத்துத் தடிப்பாக அப்பினார். மேடாக எழுந்த அவ்வண்ணம் அறையின் ஒளியைத் தானே ஏற்று மின்னியது. அக்கலவையில் அரியதோர் ஈயச் சேர்மம் இருத்தலை ஆய்வாளர் 2019இல் வெளியிட்டனர்.

அக்காலத்து மக்களின் சுவையோ, மெருகேறிய வழவழப்பான ஓவியங்களின் பக்கம் திரும்பிற்று. இவரிடம் பயின்றோருள்ளும் சிலர் அவ்வழியே சென்று பொருளீட்டினர். ரெம்பிராண்டோ தம் வழியினின்றும் பிறழவில்லை. மனைவி சாஸ்கியா 1642இல் மறைந்தார். வருவாய்க்கு மிஞ்சிய செலவும் வீட்டுக்கடனும் நெருக்க, 1656இல் இவர் கடனிறுக்க இயலாதவரானார். வீடும் அரும்பொருள்களும் விற்பனையாயின. ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்திற்கென எழுதிய பேரோவியமும் 1662இல் அகற்றப்பட்டது. 1668இல் மகன் டைட்டசையும் இழந்தார்.

இத்துணைத் துன்பங்களுக்கிடையே பிறந்ததே 'யூத மணமகள்' என்று பிற்காலத்தார் பெயரிட்ட ஓவியம். அதிலுள்ள ஆடவனது சட்டைக் கையை அருகிற் சென்று நோக்கினால், மஞ்சளும் வெண்மையும் கலந்த கரடுமுரடான வண்ணத் திட்டுகளே தோன்றும். சற்று விலகி நின்று நோக்கினாலோ, அத்திட்டுகளே பொன்னாடையாய் ஒளிரும். ஆகவே, அக்கரடு கவனக்குறைவன்று. எண்ணித் துணிந்த கலைத்திறமே என்பது விளங்கும். 1885இல் வின்சென்ட் வான்கோ என்னும் ஓவியர் இதன்முன் அமர்ந்து, எழ மனமின்றி நெடுநேரம் நோக்கியிருந்தார்.

ரெம்பிராண்ட் 1669இல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். அவர் உடல் பெயர் பொறிக்கப்படாத கல்லறையொன்றில் அடக்கம் செய்யப்பெற்றது. வழவழப்பாக எழுதியிருப்பின் அவர் வாழ்வு எளிதாகியிருக்கலாம். எனினும், கண்ட உண்மையைக் கைவிடாது எழுதினமையால், அவர் தூரிகையின் தடம் இன்றும் உயிர்த்துடிப்போடு விளங்குகின்றது.