பஞ்சாங்கக்காரர்களுக்கு டெலஸ்கோப் பாடம்: யார் இந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி?

உடையார்பாளையம் பயறணீஸ்வரர் கோயிலில் பிரதோஷம் என்னைக்கு? அமாவாசை இன்னைக்கு ராத்திரி தொடங்குதா, நாளைக்குக் காலையிலா? இதெல்லாம் தெரியணும்னா நாம என்ன செய்வோம்? காலண்டரைப் பார்ப்போம். சில சமயம் ஒரு காலண்டரில் ஒரு நேரமும் இன்னொன்றில் வேறு நேரமும் இருக்கும். ஒன்றில் 'வாக்கியம்' என்றும் மற்றொன்றில் 'திருக்கணிதம்' என்றும் போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டில் எது சரி என்ற கேள்வியை, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு கேட்டவர் சென்னையில் இருந்தார். அவர்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வானத்தைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. ஊருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்களுக்கும் வானியல் சொல்லிக் கொடுக்கணும் என்று நினைத்தார்.

யார் இவர்?

ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். இளம் வயதிலேயே சென்னை வானிலையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 'வானிலையகம்' என்றதும் மழை அறிவிப்பு என்று நினைக்க வேண்டாம். நட்சத்திரங்களைக் கவனிப்பதற்காகக் கிழக்கிந்திய கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த ஆய்வுக்கூடம் அது. டெலஸ்கோப்பைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னைக்கும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தார். 1861-ல் நார்மன் போக்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவருக்குக் கீழே ரகுநாதாச்சாரி முதல் உதவியாளராக உயர்ந்தார். தென்வானத்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் தலைக்கு மேல் உள்ள கோட்டை எந்த நொடியில் கடக்கிறது என்று பார்த்துக் குறிக்கணும். இதுதான் வேலை. ராத்திரி முழுக்க விழித்திருக்கணும். ஒரு நொடி தப்பினாலும் கணக்கு தப்பிவிடும்.

நட்சத்திரம் கண்டுபிடித்த கதை

1867-ல் தென்வானத்தில் ரெட்டிகுலம் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை அவர் கவனித்தார். இன்று அதன் பெயர் 'ஆர் ரெட்டிகுலி'. சுமார் 280 நாட்களுக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும் நட்சத்திரம் இது. நவீன முறையில் இப்படி ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் இவர்தான் என்று வானியல் வரலாற்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு இந்தியருக்கு அந்தக் காலத்தில் இது அபூர்வமான அங்கீகாரம்.

1868 கிரகணம்: தனி அணிக்குத் தலைவர்

1868 ஆகஸ்ட் 18. உலகமே இந்தியாவைப் பார்த்த நாள். அன்றைய முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து விஞ்ஞானிகள் கப்பல் ஏறி வந்தார்கள். பிரான்ஸின் ஜான்சன் குண்டூரில் கருவிகளோடு உட்கார்ந்தார். ஹீலியம் என்ற தனிமம் இருப்பதற்கான முதல் தடயம் கிடைத்தது இந்தக் கிரகணத்தின்போதுதான்.

சென்னை வானிலையகம் இரண்டு அணிகளை அனுப்பியது. மசூலிப்பட்டினத்துக்குப் போன அணிக்கு போக்சன் தலைவர். நிஜாம் பகுதியில் இருந்த வனபர்த்திக்குப் போன அணிக்கு ரகுநாதாச்சாரி தலைவர். ஆங்கிலேய அதிகாரிகள் நிறைந்த ஒரு துறையில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்போது உடையார்பாளையம் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குப் பகுதி கிரகணமாகத்தான் தெரிந்திருக்கும். முழு கிரகணப் பாதை வடக்கே ஆந்திரம் வழியாகப் போனது. 1871 டிசம்பர் 12-ம் தேதி கிரகணப் பாதை நீலகிரியையும் யாழ்ப்பாணத்தையும் தொட்டது. அப்போதும் இந்தப் பகுதி முழு நிழலுக்குக் கொஞ்சம் வெளியேதான் இருந்தது.

வாக்கியமா, திருக்கணிதமா?

சரி, பஞ்சாங்கத்தில் அப்படி என்ன பிரச்சினை?

வாக்கிய முறையில் சந்திரனின் இடத்தைக் கணக்கிட 248 வாக்கியங்கள் கொண்ட பழைய பட்டியல் ஒன்று உண்டு. எண்களை எழுத்துகளாக மாற்றி மனப்பாடம் செய்துகொள்வார்கள். பேப்பர் பேனா இல்லாமலேயே கணக்கு வந்துவிடும். அபாரமான முறைதான். 1769-ல் வெள்ளிக் கோளைப் பார்க்க புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில், தமிழர் ஒருவர் சோழிகளை வைத்து இப்படிக் கிரகணம் கணிப்பதைப் பார்த்து வியந்து, தானும் அதைக் கற்றுக்கொண்டார்.

ஆனா ஒரு சிக்கல். பல நூற்றாண்டுகளாக அதே எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். புத்தகம் சொல்லும் இடத்தில் சந்திரன் இருக்காது. திதி தொடங்கும் நேரம் மணிக்கணக்கில் மாறும். விரதம், திவசம், முகூர்த்தம் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

ரகுநாதாச்சாரிக்கு இது ராத்திரிதோறும் கண் முன்னால் தெரிந்தது. அதனால் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். பரம்பரையாக வந்த கணக்கைத் திருத்தணும் என்று வெளியாள் சொன்னால் ஒதுக்கிவிடலாம். அதே மரபில் வந்தவர் சொன்னால்? எதிர்ப்பும் விவாதமும் அங்கேதான் கிளம்பும். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் காலண்டரில் இன்றும் இரண்டு வகை.

1874: வெள்ளிக் கோளும் ஒரு சின்னப் புத்தகமும்

1874 டிசம்பர் 9-ம் தேதி சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கரும்புள்ளி போல நகர்ந்து சென்றது. பூமியில் வெவ்வேறு இடங்களிலிருந்து இதன் நேரத்தை அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அந்தத் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர்.

இந்த நிகழ்வு இந்தியாவில் நன்றாகத் தெரியும். ஆனா அது என்ன என்று நம்ம மொழிகளில் சொல்ல ஆள் இல்லை. ரகுநாதாச்சாரி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஆங்கிலம், கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பழைய சித்தாந்தம் படித்தவரோடு உட்கார்ந்து பேசுவது போல, உரையாடலாகவே எழுதினார்.

அந்த வடிவத்துக்குக் காரணம் இருக்கு. அவர் நினைத்த வாசகர்களில் பஞ்சாங்கம் கணிப்பவர்களும் பண்டிதர்களும் இருந்தார்கள். ஊரில் வானத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் மக்கள் அவர்களிடம்தான் போவார்கள். ஒருவருக்குப் புரிந்தால் அவர் வழியாக ஊருக்கே போய்ச் சேரும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பள்ளிக்கே போய்ச் சேரும் என்று இன்று சொல்கிறோமே, அதே கணக்குதான்.

இந்தியர்கள் நவீன வானியலைக் கற்றுப் பயிற்சி பெற, தனியாக ஒரு வானாய்வுக்கூடம் வேண்டும் என்றும் கேட்டார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. 1880 பிப்ரவரி 5-ம் தேதி அவர் காலமானார்.

அதன் பிறகு என்ன ஆச்சு?

1899-ல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. 1874-க்குப் பிறகு 1882-லும் வெள்ளி இடைமறிப்பு நடந்தது. அதன் பின் 120 ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி. 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் மறுபடியும் தெரிந்தது.

அந்த இரண்டு முறையும் விஞ்ஞானிகளும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் முதலில் கையில் எடுத்தது ஆசிரியர்களைத்தான். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பது ஏன், ஊசித்துளை வழியாகவும் கண்ணாடியில் பிரதிபலித்தும் சூரிய பிம்பத்தைச் சுவரில் விழவைப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

அடுத்த வெள்ளி இடைமறிப்பு 2117 டிசம்பரில்தான். இன்று வகுப்பில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். அதுவரை உடையார்பாளையத்தில் எந்த வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டினாலும், அதில் 'திருக்கணிதம்' என்று போட்டிருக்கா என்று ஒருமுறை பாருங்க. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நுங்கம்பாக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்த ஒருவரின் உழைப்பும் இருக்கு.