மாணிக்கம் அறிந்த மன்னர்

கடக்வாஸ்லா ஏரிக்கரையில் வாழும் தமிழன்பர்கட்கு ஜுன்னார் நகரம் அயலூர் அன்று. புனேவுக்கு வடக்கே உள்ள அவ்வூரில், தந்தையைப் பகைத்துப் பின் பணிந்த முகலாய இளவரசர் ஒருவர் 1627-ஆம் ஆண்டில் தங்கியிருந்தார். தந்தை ஜஹாங்கீர் மறைந்த செய்தி அவருக்கு அங்கேதான் எட்டியது. உடனே வடக்கு நோக்கிப் புறப்பட்டு, 1628-இல் ஆக்ராவில் அரியணை ஏறினார். அவரே ஷாஜகான்.

1592-இல் லாகூரில் பிறந்த இவரது இயற்பெயர் குர்ரம். தாஜ்மகாலைக் கட்டியவர் என்று இவரை உலகம் போற்றும். இரத்தினப் பரீட்சையில் இவருக்கிருந்த புலமையோ பலரும் அறியாதது. முகலாயர் பெரிதும் விரும்பிச் சேர்த்தது பதக்ஷான் மலைச் சுரங்கங்களில் கிடைத்த சிவந்த கல்லாகும். அதனை லால் என்பர். மாணிக்கத்தை ஒத்த அக்கல் வேறு இனம் என்பதை 1783-இல்தான் ஐரோப்பிய அறிஞர் வகுத்துரைத்தனர்.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், தைமூர் முதலியோரின் பெயர்கள் பொறித்த அத்தகைய கல்லொன்றை ஜஹாங்கீருக்கு அனுப்பினார். தக்காண வெற்றிக்குப் பரிசாக ஜஹாங்கீர் அதனைக் குர்ரமுக்கு அளித்தார். ஏழாண்டு உழைப்பில் ஒரு கோடி ரூபாய்ச் செலவில் உருவாகி, 1635-இல் அரங்கேறிய மயிலாசனத்தில் இலட்ச ரூபாய் மதிப்புள்ள அக்கல்லும் இடம் பெற்றது.

1658-இல் மகன் ஒளரங்கசீப் அவரை ஆக்ராக் கோட்டையில் சிறை வைத்தார். அக்காலத்தே நிகழ்ந்த ஒன்றைப் பிரெஞ்சு இரத்தின வணிகர் தவர்னியே தம் பயண நூலில் குறித்துள்ளார். பேரரசரின் உறவினரான ஜாபர் கான் சிவந்த கல்லொன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, ஒளரங்கசீப்புக்குக் காணிக்கையாக்கினார். முன்பு அரண்மனைப் பணியிலிருந்து நீக்கப்பட்ட முதிய இரத்தின வணிகர் ஒருவர், அது உயர்ந்த லால் அன்று, 500 ரூபாய்க்கு மேல் பெறாது என்றார். சபையில் பெரும் வாதம் எழுந்தது. முடிவில் கல் ஆக்ராவுக்குச் சென்றது. சிறையிலிருந்த ஷாஜகான் அதை ஆராய்ந்து, முதியவர் சொன்ன அதே மதிப்பையே சொன்னார். தந்தையைச் சிறையிட்ட மகன் அத்தீர்ப்பைத் தட்டவில்லை. விற்றவன் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது.

சபை நிறைய அறிஞரும் அதிகாரிகளும் இருந்தும், உண்மை வெளிப்பட்டது பதவி இழந்த ஒருவராலும் அரியணை இழந்த ஒருவராலுமே என்பது சிந்திக்கத்தக்கது.

ஷாஜகான் 1666-இல் சிறையிலேயே மறைந்தார். மயிலாசனத்தை 1739-இல் நாதிர்ஷா கவர்ந்து சென்றார். ஆசனமும் கற்களும் கைமாறின. அவர் கற்ற கல்வியை மட்டும் அவர் வாழ்நாளில் எவராலும் பறிக்க இயலவில்லை.

ரயில்வே காரியாலயத்தில் கணக்கெழுதும் என் போன்றோர்க்குப் பதக்ஷான் கல் வாங்கும் யோகம் இல்லை. ஆயினும் மகளின் மணத்துக்குச் சிவப்புக்கல் தோடு வாங்கும் நாள் நம் அனைவர்க்கும் வரும். அன்று கடைக்காரர் சொல்லும் விலையைக் கொண்டு கல்லை மதியாமல், கல் அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோமாக.