கம்பியைச் சுழல வைத்தவர்

மின்விசிறி சுழல்கிறது, மாவு எந்திரம் ஓடுகிறது, கிணற்று நீர் வயலுக்கு ஏறுகிறது. இவை அனைத்துக்கும் மூதாதையான கருவி ஒரு கிண்ணம், சிறிது பாதரசம், ஒரு காந்தம், ஒரு கம்பி, ஒரு மின்கல அடுக்கு ஆகியவற்றால் ஆனது. அதைச் செய்தவர் மைக்கேல் பாரடே. அச்சிறு கருவி அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. கூடவே பிறர் கருத்தைத் திருடியவர் என்ற பழியையும் தேடித் தந்தது.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை கொல்லர். வறுமை நிறைந்த குடும்பம். பள்ளிப்படிப்பு எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் பிறர் நூல்களைத் தைத்தார், தைத்தவற்றைப் படித்தார், படித்தவற்றைச் செய்தும் பார்த்தார். 1812இல் ஏழு அரைப்பென்னி நாணயங்களையும் ஏழு துத்தநாகத் தகடுகளையும், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டுகளை வைத்து அடுக்கி, தாமே ஒரு மின்கல அடுக்கைச் செய்தார். கைக்காசு கருவியாயிற்று!

அதே ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, படம் வரைந்து, அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1820இல் டென்மார்க் அறிஞர் ஆர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டார். ஐரோப்பாவே வியந்தது. வொல்லாஸ்டன் என்ற பேரறிஞர், கம்பி தன் அச்சிலேயே தான் சுழலவேண்டும் என எண்ணினார். 1821 ஏப்ரலில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து பார்த்தனர். கம்பி அசையவில்லை.

சில மாதங்களுக்குப் பின், மின்காந்தவியல் வரலாற்றை எழுதித் தருமாறு நண்பரான ஓர் இதழாசிரியர் பாரடேயைக் கேட்டார். பிறர் செய்த சோதனைகளையெல்லாம் தாமே செய்து பார்த்த பின்னரே அவர் எழுத முனைந்தார். கம்பியின் அருகே காந்த ஊசியை இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஓரிடத்தில் அது ஈர்க்கப்பட்டது. சற்றுத் தள்ளினால் விலக்கப்பட்டது. விசை கம்பியைச் சுற்றி வட்டமாகச் செல்கிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அப்படியானால் கம்பி தன்னைத் தானே சுற்றாது, காந்தத்தைத்தான் சுற்றிவரும்!

எனினும் ஓர் இடையூறு. கம்பி தடையின்றி நகரவும் வேண்டும். மின்தொடர்பு அறாமலும் இருக்கவேண்டும். பாதரசம் அதைத் தீர்த்தது. கிண்ணத்தில் காந்தத்தை மெழுகால் நிமிர்த்தி நிறுத்திப் பாதரசத்தை ஊற்றினார். மேலிருந்து தளர்வாகத் தொங்கிய கம்பியின் நுனி அதில் தோய்ந்தது. மின்சாரத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றி ஓடிற்று, நிற்காமல் ஓடிற்று. அது 1821 செப்டம்பர் முதல் வாரம்.

அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. அதில் வொல்லாஸ்டனின் பெயர் இல்லை. அவருடைய எண்ணத்தை உதவியாள் களவாடிவிட்டான் என்ற பேச்சு பரவியது. ஏழைக்கு நற்பெயரைத் தவிர வேறு சொத்து ஏது? பாரடே ஒளிந்துகொள்ளவில்லை. வொல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, நேரில் கண்டு பேசினார். அவரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். 1823இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது பழைய பேச்சு மீண்டும் தலைதூக்கியது. தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். ஆயினும் 1824 ஜனவரியில் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. தம்மைக் கைதூக்கிவிட்ட டேவியை அவர் இறுதிவரை மரியாதையோடே நினைவுகூர்ந்தார்.

பழிக்கு அவர் தந்த உண்மையான விடை உழைப்பே. பலமுறை தோற்று, 1831 ஆகஸ்டு 29இல் காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்கலாம் எனக் காட்டினார். இன்றைய மின்னாக்கிகள் இயங்குவது அத்தத்துவத்தாலேயே. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடிவந்தபோது மறுத்தார். 1867 ஆகஸ்டு 25இல் மறைந்தார்.

எனாமல் கம்பிச் சுருள், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், ஒரு டார்ச் பேட்டரி ஆகியவற்றைக் கொண்டு இன்றும் வீட்டிலேயே மோட்டார் செய்யலாம். பெரும்பாலும் முதலில் அது சுழலாது. சுருளின் இரு முனைகளிலும் எனாமலை முழுதும் சுரண்டிவிட்டால், அரைச்சுற்றுக்குப் பின் விசை எதிர்த்திசையில் தள்ளும். சுருள் ஆடி நின்றுவிடும். ஒரு முனையில் பாதிப்பக்கம் மட்டும் சுரண்டினால் தள்ளும் விசை மட்டுமே மிஞ்சும், சுருள் சுழலும். காரணத்தைத் தேடுபவனுக்கு நின்றுபோன மோட்டாரும் ஆசிரியனே. கணிதம் அதிகம் கல்லாத பாரடேக்குப் பாடம் சொன்னதும், பழியினின்று மீட்டதும், கை ஓயாமல் செய்து பார்க்கும் அந்தப் பழக்கமே.