வால்மீன் தேடிய மெசியர்

கார்த்திகைத் திங்களின் முன்னிரவில் கீழ்வானை நோக்குவோர், சிறு விண்மீன்கள் சில கொத்தாகக் கூடி ஒளிர்வதைக் காண்பர். கார்த்திகை மீன்கள் என நாம் வழங்கும் அக்கொத்திற்கு வானநூலார் பட்டியலில் எம் 45 என்பது பெயர். சார்லஸ் மெசியர் என்னும் பிரெஞ்சு அறிஞரது பெயரின் முதலெழுத்தே அந்த ‘எம்’ ஆகும்.

மெசியர் 1730-ஆம் ஆண்டு லொரேன் பகுதியில் பிறந்தார்; பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். 1751-இல் வேலை தேடிப் பாரிஸ் நகரை அடைந்தார். கணிதத்தில் அவருக்கு உயர்ந்த பயிற்சி இல்லை, கையெழுத்து அழகாயிருந்தது. அது கண்டு கடற்படை வானநூலறிஞர் தெலில் அவரை எழுத்தராக அமர்த்தினார். எழுத வந்தவர் தொலைநோக்கியையும் கையாளக் கற்றார்.

ஹாலியின் வால்மீன் மீண்டும் வரும் காலம் அப்போது நெருங்கியிருந்தது. அதனை முதலிற் காணும் புகழை நாடிப் பலர் விழித்திருந்தனர். மெசியரும் இரவுதோறும் தேடினார். ஆனால் தெலில் வரைந்து கொடுத்த வழி பிழையானது. 1759 சனவரியில் மெசியர் அதனைக் கண்டார். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் இரவிலேயே பாலிட்சு என்னும் சாக்சனி நாட்டு உழவர் அதைக் கண்டுவிட்டார்!

இதற்கிடையே, 1758 ஆகஸ்டில், வேறொரு வால்மீனைத் தொடர்ந்து நோக்குகையில் இடப இராசியில் மங்கிய ஒளித்திட்டு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. வால்மீன் போன்றே தோன்றியது. ஆனால் வால்மீன் விண்மீன்களிடையே நாள்தோறும் நகரும், இதுவோ நகரவில்லை. இத்தகைய திட்டுகள் வால்மீன் தேடுவோரை மயக்குதல் கூடாது என்று கருதி, அவர் அவற்றிற்கு எண்ணிட்டு, ஊர்களுக்கு அகலக்கோடும் நெடுங்கோடும் குறிப்பது போல வானில் இடமும் குறித்து வைத்தார். இடபத்துத் திட்டு எம் 1 ஆயிற்று. 1774-இல் வெளிவந்த பட்டியலில் 45 பொருள்கள் இருந்தன. 1781-இல் அவை 103 ஆயின. நண்பர் மெஷேன் கண்டறிந்தவையும் அவற்றுள் பல.

அவ்வாண்டு நவம்பரில், பனிக்கட்டி சேமிக்கும் ஆழ்ந்த நிலவறைக்குள் தவறி விழுந்து, மெசியர் கையும் தொடையும் முறிந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னரே தொலைநோக்கியிடம் மீண்டார். பின்னர்ப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அவரது ஊதியம் நின்றது. 1793-இல் அவர் கண்ட வால்மீனின் பாதையைக் கணித்தவர் நண்பர் சாரோன். கணித்த இடம் சிறைக்கூடம். 1794-இல் சாரோன் கொலைக்களத்தில் உயிர் துறந்தார்.

மெசியர் 1817-இல் மறைந்தார். எம் 1 என்பது, 1054-இல் சீனர் கண்டு குறித்த விண்மீன் வெடிப்பின் எச்சம் என்று இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. எம் 31 நமது பால்வழிக்கு அப்பாலுள்ள பெரும் விண்மீன் மண்டலம். 1888-இல் திரேயர் என்பார் 7,840 பொருள்களுக்குப் புதிய எண்கள் வழங்கினார். ஆயினும் இன்று 110 ஆகப் பெருகியுள்ள பழைய பட்டியலின் பொருள்களை, வானம் நோக்குவோர் மெசியரின் எண்ணாலேயே அழைக்கின்றனர்.