சுந்தரம் பிள்ளையும் தனிமொழியும்

கூட்டந்தோறும் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, மனோன்மணீயம் என்னும் நாடகத்தின் வாயிலில் நிற்பது. வாயிலை வணங்கி மீள்வார் பலர், உட்புகுவார் சிலரே. ஆதலின் அந்நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றையும், அதன்கண் அவர் கையாண்ட தனிமொழியின் திறத்தையும் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

பிள்ளையவர்கள் 1855-இல் ஆலப்புழையிற் பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தியம்மைக்கும் மகனாராய்த் தோன்றினார். திருவனந்தபுரத்தில் அரசர் கல்லூரியிற் பயின்று, நெல்லையிற் சிலகாலம் பள்ளித் தலைமை பூண்டு, பின்னர்த் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராய் அமர்ந்தார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு எழுதிய கதையொன்றைத் தழுவி 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டு, அதனைத் தம் ஆசிரியராகிய ஹார்வி துரைக்கு உரிமையாக்கினார்.

நெஞ்சோடு பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் என ஓர் அதிகாரமே உளது. ஆயின் ஆண்டுப் பேசுவது பிரிவாற்றாத காதல் நெஞ்சம். வஞ்சகன் தனித்திருக்கும்போது அவன் நெஞ்சு என் பேசும்? பிள்ளையவர்கள் அதனை நம் செவிப்படுத்தினார். அமைச்சன் குடிலன் பாண்டியன் சீவகன்முன் தேனொழுகப் பேசுவான். மன்னன் அகன்றதும் தன் சூழ்ச்சியைத் தானே எண்ணி மகிழ்வான். நாம் அறிந்ததை மன்னன் அறியான். அவன் குடிலனை நம்புந்தோறும் நமக்கு நெஞ்சு பதைக்கும். ஷேக்ஸ்பியரின் இயாகோவை அறிந்தார்க்குக் குடிலன் அயலானல்லன்.

நடராசன் என்பானது தனிமொழியோ வேறுவகைத்து. வாணியைக் காதலிக்கும் இவ்விளைஞன், புல்லையும் வாய்க்காலையும் கண்டு வியந்து, மண்ணை உண்டு பண்படுத்தும் நாங்கூழ்ப் புழுவையும் உழவர்க்கு உற்ற துணையெனப் போற்றுகின்றான். டார்வின் நாங்கூழைப் பற்றி நூலெழுதியது 1881-இல் என்பதை ஈண்டு நினைக. இப்பகுதி கதையை நிறுத்திவிடுகின்றது என்பார் கூற்று மெய்யே. மேடையில் முழுதும் பேசினால் அவையோர் எழுந்துபோதலும் கூடும். ஆயினும் குடிலன் பேச்சினும் எமக்கு உவப்பானது இதுவே. தத்துவம் கற்பித்த ஆசிரியர் வகுப்பறைக்கு வெளியே தாமே எண்ணியதை ஈண்டுக் கேட்கின்றோம் போலும்.

1896-இல் அரசினர் இவருக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், தமது நாற்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார். அவர்தம் ஒரே மகனார்க்கும் நடராசன் என்பதே பெயர். அவர் பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் நிதியமைச்சரானார்.